வெயிலில் விரிந்திருந்த பாசி

சுவரைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். பயம் அப்புறம்தான் வந்தது. வரிசை மாறி வந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. ஆனால் என் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்: முதலில் பாசி, பிறகுதான் மனிதர்கள்.

அக்கா குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு குன்று. குன்றைப் பாதி வெட்டித்தான் கட்டடத்துக்கு இடம் எடுத்திருந்தார்கள். வெட்டிய பக்கத்து மண் சரியாமல் இருக்க இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே பைக் நிறுத்துகிற அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தைப் பார்த்த கீழ்த்தளத்துப் பின்னறையில்தான் அக்கா மகள் படிப்பாள், தூங்குவாள். வீட்டிலேயே சத்தம் இல்லாத அறை அதுதான்.

சுவரில் வரிசை வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். குன்றுக்குள் இறங்கும் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டும். ஒவ்வொரு முனைக்கும் கீழே ஈரமான பாசி தாடி போலத் தொங்கும். மழைக்காலத்துக்கு முன்னால் வந்தபோது அதில் ஒரு துண்டைக் கிள்ளிப் போயிருந்தேன். இலையை வைத்து அதன் பெயருக்குப் பாதி தூரம் வந்துவிட்டேன். முழுதாகச் சொல்ல, தண்டு நுனியில் முளைக்கும் வித்துப்பை வேண்டும். மழை முடிந்த இந்தப் பருவத்தில்தான் அது வரும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. தாடி எல்லாம் மழித்தாகிவிட்டது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தாவரக் காப்பகத்தில் பாசி பிரிப்பவள். குளத்தில் மிதப்பது, குளியலறையில் வழுக்குவது, பச்சையாகக் கண்ணில் பட்டது எல்லாவற்றையும் ஊரில் பாசி என்பார்கள். நான் பார்ப்பது குட்டித் தண்டும் இலையும் உள்ள நிஜச் செடியை. இலை நடுவில் நரம்பு இருக்கிறதா, அது நுனிவரை போகிறதா, ஓரத்தில் பல் உண்டா, காய்ந்தால் இலை சுருளுமா, முறுக்கிக்கொள்ளுமா, அப்படியே நிற்குமா. இப்படிக் கேட்டுக் கேட்டு வந்தால் கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் நான் எந்தப் பெயரையும் சொன்னதில்லை. காப்பகத்தில் எனக்கு 'பொறுங்க மேடம்' என்று பட்டப்பெயர். யார் என்ன கேட்டாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதானாம்.

"அத்தான்!" என்று சந்திலிருந்தே கத்தினேன். "யாரைக் கேட்டு இதைச் சுரண்டினீங்க?"

அத்தான் பின்வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் பல் டாக்டர். பல்லைக் காட்டுவது அவருக்குத் தொழில் விளம்பரம் மாதிரி. குடியிருப்போர் சங்கத்துக்குச் செக்ரட்டரியும் அவர்தான்.

"வா மச்சினி. எப்படி இருக்கு நம்ம சுவர்? பல்லு வெளுக்கிற மாதிரி வெளுத்துட்டேன்ல?"

"என் பாசி எங்க?"

"உன் பாசி குப்பையில. பாசியை மட்டுமா எடுத்தேன்? சொத்தையைச் சுரண்டி ஓட்டையையும் அடைச்சுட்டேன். எல்லாம் நீ சொன்னபடிதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"போன தடவை சாப்பிடறப்போ சொன்னியே. 'இது சாதாரணப் பாசி இல்ல, விடாம தண்ணி கசியற இடத்துலதான் இது வளரும்'னு. மீட்டிங்ல அதைத்தான் சொன்னேன். எங்க மச்சினி பாசி நிபுணர், கசிவு இருக்குன்னு அவளே சொல்லிட்டான்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஆளைப் பிடிச்சு எல்லா பைப்பையும் வெட்டி, சிமென்ட் வச்சு இறுக்கி, மேல பூசியாச்சு. மழைக்கு முன்னாடியே முடிச்சேன். சந்து இப்போ எப்படிக் காய்ஞ்சு கிடக்கு பாரு."

சந்தைப் பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. குன்றின் வயிற்றுக்குள் இறங்கிய தண்ணீர் இந்தச் சுவர் வழியாக ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அண்ணாந்து பார்த்தேன். பூச்சுக்காரரின் ஏணி எட்டவில்லையோ, சோம்பலோ, சுவரின் உச்சியில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளை அடிக்காமல் விட்டிருந்தார்கள். அங்கே இருந்தது தாடிப் பாசி இல்லை, வேறு ஒன்று. எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு வளர்கிற சாதாரண வகை. எங்கள் காப்பகத்தில் அதைச் சுருட்டை என்போம். மழைத் தண்ணீரே அதற்குப் போதும். மழை நின்று ஒரு நாள் வெயில் அடித்தால், இலைகளை உள்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு, காபித்தூள் சிந்தியது போலப் பழுப்பாகிவிடும். செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். தண்ணீர் தெளித்தால் கண் முன்னாலேயே விரிந்து பச்சையாகும்.

மழை நின்று பல நாள் ஆகியிருந்தது. உச்சியில் காலையிலிருந்து நேர் வெயில். அந்த முழ அகலம் பச்சையாக இருந்தது.

காவலாளியிடம் ஏணி கேட்டேன். எட்டாத ஏணிதான். கடைசிப் படியில் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி ஒரு கொத்தைப் பிய்த்தேன். கீழே அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்து பல்லை உடைச்சுக்காத. சொந்தக்காரங்கன்னா நான் இனாமாப் பார்க்கணும்," என்றார். இலைகள் விரிந்திருந்தன. தொட்டால் சில்லென்று இருந்தது, ஆனால் விரலில் ஈரம் ஒட்டவில்லை.

இறங்கியதும் முன்வாசலுக்கு ஓடி, தெருப்பக்க மதில் சுவரில் இருந்த பாசியிலும் ஒரு கொத்து எடுத்தேன். அது சுருண்டு பழுப்பாக நொறுங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தேன்.

"சாப்பிடற தட்டுடி அது," என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

"அத்தான், உட்காருங்க. இது ரெண்டும் ஒரே செடி. முன்னாடி சுவர்ல இருக்கறது வெயில்ல சுருண்டிருக்கு. பின்னாடி சுவர்ல அதே வெயில்ல விரிஞ்சிருக்கு. அப்படின்னா அதுக்கு வேற எங்கிருந்தோ தண்ணி வருது. சுவருக்குப் பின்னாடியிருந்து. உச்சி வரைக்கும் தண்ணி ஏறி நிக்குது."

அத்தான் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒண்ணு காபித்தூள், ஒண்ணு கொத்தமல்லி. இது ரெண்டும் ஒண்ணா? காதுல பூ சுத்தாத."

"அந்த பைப்பு வச்சதே உள்ள இருக்கற தண்ணி வெளிய வரத்தான். அதை அடைக்கவே கூடாது."

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவள் போல மேலே பேசினேன். "சீழ் வச்ச பல்லை அடைச்சா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. தொழில் என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். "அடைக்க மாட்டேன். வழி விடாம அடைச்சா உள்ளயே அழுத்தம் ஏறும். தாடையே வீங்கும்."

"சுவரும் அப்படித்தான்."

"சரி. ஆனா சீழ் இருக்குன்னு முதல்ல காட்டு. பல்லு வலிக்குதுன்னு சொல்றவங்க எல்லாருக்கும் நான் பல்லைப் பிடுங்கறதில்ல." அவர் பச்சைக் கொத்தை விரலில் உருட்டினார். "ஈரமே ஒட்டல பாரு. இது எப்பவுமே பச்சையா நிக்கற வேற ஜாதியா இருந்தா? ஆயிரக்கணக்குல வகை இருக்குன்னு நீதானே பீத்திக்குவ?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. அப்படி ஒரு வகை உண்டு. நெட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிந்திருக்கும்போது சுருட்டையும் நெட்டையும் அக்கா தங்கை மாதிரி. நெட்டை காய்ந்தாலும் சுருளாது, பச்சை மாறாமல் விறைத்து நிற்கும். உச்சியில் இருப்பது நெட்டை என்றால் அது வெயிலில் விரிந்து நிற்பதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. நான் கத்தியதெல்லாம் வீண் கூச்சல். சுருட்டை என்றால் சுவருக்குப் பின்னால் ஒரு குளமே நிற்கிறது, அதன் கீழ் என் அக்கா மகள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்தேன். ஓர் இலையைப் பிரித்தேன். நடுநரம்பு நுனிவரை போகிறது. இரண்டுக்கும் அப்படித்தான். இலை நுனியில் சின்னச் சின்னப் பற்கள் இருந்தால் சுருட்டை. இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. கை நடுங்கினால் லென்ஸில் எல்லாமே பல் மாதிரிதான் தெரியும்.

"என்ன, பொறுங்க மேடம்?" என்றார் அத்தான்.

"மைக்ரோஸ்கோப் இருந்தா சொல்லிடுவேன்."

"அப்போ நாளைக்கு ஆபீஸ்ல பார்த்துட்டு சொல்லு. வா, சாப்பிடலாம்."

நாளைக்கு. அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நாளைக்குக் காப்பகத்தில், என் நாற்காலியில், என் விளக்கில், இலையைக் குறுக்கே சீவிப் பார்த்து நிதானமாகச் சொல்லலாம். தப்பாகச் சொல்லி அத்தானிடம் ஆயுசுக்கும் கேலி வாங்க வேண்டாம். ஒரு நிமிடம் நான் சரி என்றுகூட வாயைத் திறந்துவிட்டேன்.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அக்கா வந்து நின்றாள்.

"எனக்கு பாசியும் தெரியாது, பல்லும் தெரியாது. இவ பயந்து நான் பார்த்ததில்ல. இப்போ இவ கை நடுங்குது." பின்னறைப் பக்கம் திரும்பி, "அடியே, புத்தகத்தை எடுத்துட்டு இங்க வந்து உக்காரு," என்று கத்தினாள்.

மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டே சலிப்போடு வந்தாள். "என்னம்மா? நாளன்னைக்குப் பரீட்சை."

"சித்தியைக் கேளு."

எனக்கு அப்போது வழி தெரிந்தது. பல் தெரியாவிட்டால் போகட்டும். காய்ந்தால் சுருளுமா, சுருளாதா? அதுவும் ஒரு குணம்தான், அதைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டாம். காயவைத்தால் போதும்.

முதலில் முன்சுவரின் பழுப்புக் கொத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக அசைந்து, விரல் விரிவது போல விரிந்தன. பழுப்பு பச்சையானது. "அய்யோ, உயிரோட இருக்கு!" என்றாள் மகள். இப்போது தட்டில் இருந்த இரண்டையும் யாராலும் வேறுபடுத்த முடியாது. அத்தான் எழுந்துபோய், நோயாளி வாய்க்குள் பார்க்க அவர் நெற்றியில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்தால் வேறொரு நாள் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பின்சுவர்க் கொத்திலிருந்து ஒரே ஒரு தண்டை இடுக்கியில் பிடித்தேன். காகிதத்தில் ஒற்றி எடுத்தேன். "ஃபேனைக் கூட்டு," என்றேன். மகள் சுழற்றினாள். இடுக்கியை மேசைமேல் ஊன்றி, தண்டைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இது சுருண்டா சுவர் நிறையத் தண்ணி. சுருளலேன்னா நான் வாயை மூடிக்கிட்டு சாப்பிடறேன். நீங்க வருஷம் பூரா கேலி பண்ணிக்கோங்க."

ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. நான்கு பேரும் ஒரு நகக்கண் அளவுச் செடியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

என் சொல் பொய்யாகப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசைப்பட்டேன். நெட்டையாக இரு, நெட்டையாக இரு என்று அந்தத் தண்டிடம் கெஞ்சினேன். இலைகள் விரிந்தபடியே நின்றன. அக்கா பெருமூச்சு விட்டாள். அத்தான் உதட்டோரத்தில் சிரிப்பு திரும்பி வரப் பார்த்தது. எனக்கும் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது.

"சித்தி," என்றாள் மகள். "கீழ் இலை."

கீழே ஓர் இலையின் ஓரம் உள்பக்கமாக மடிந்தது. பிறகு அதற்கு மேல் இருந்தது. பிறகு எல்லாமே, ஒன்றை ஒன்று பார்த்துச் செய்வது போல, ஓரத்தை உருட்டிக்கொண்டு நடுநரம்போடு ஒட்டிக்கொண்டன. பச்சை மங்கியது. இடுக்கியின் நுனியில் காபித்தூள்தான் மிச்சம் இருந்தது.

"சுருட்டை," என்றேன்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் வெளுத்திருந்தது. வாதம் செய்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நேராகப் பின்வாசலுக்கு நடந்தார். அங்கே மூலையில் கடப்பாரை இருந்தது.

"எங்க போறீங்க?"

"நான் அடைச்சதை நானே திறக்கறேன்."

"சுவருக்கு முன்னாடி நிக்கக் கூடாது அத்தான்! மேல இருந்து கீழ வரைக்கும் அழுத்தம். நீங்க ஓட்டை போடற இடமே வாயைப் பிளக்கும். முதல்ல ஆளுங்களை வெளிய எடுக்கணும். தீயணைப்புக்கு போன் பண்ணணும். அவங்க பக்கவாட்டுல இருந்து எப்படித் திறக்கறதுன்னு பார்ப்பாங்க."

கடப்பாரை அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் மாடிப்படி ஏறினார். நான் போனில் பேசிக்கொண்டே பின்னால் ஓடினேன். போனில் இருந்த ஆள், "பாசியை வச்சா சொல்றீங்க?" என்று கேட்டார். "சார், வந்து தொட்டுப் பாருங்க. தப்பா இருந்தா என் மேல கேஸ் போடுங்க," என்று கத்தினேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததே இல்லை.

பின்பக்கம் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார் அத்தான். சிலர் உடனே வந்தார்கள். சிலர் டிவியை அணைக்காமல் வாசலில் நின்று கேள்வி கேட்டார்கள். மேல்மாடி வக்கீல் கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு அசையவே இல்லை.

"எந்த இன்ஜினியர் சொன்னார்? எழுத்துல இருக்கா? போன மாசம்தான் சுவர் பிரமாதம்னு உங்களுக்கு மாலை போட்டோம். இன்னைக்கு நீங்களே விழப் போகுதுங்கறீங்க."

அத்தான் படிக்கட்டில் நின்றார். மேலேயும் கீழேயும் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தக் கட்டடத்தில் அவர் நடந்தால் வணக்கம் வரும். பல் வலி என்று யார் வந்தாலும் லிஃப்டிலேயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். தன்னைவிட விவரமானவன் அங்கே இல்லை என்பது அவருடைய சின்னப் பெருமை.

"பைப்பை அடைச்சது தப்பு," என்றார் உரக்க. "நான்தான் அடைச்சேன். விஷயம் தெரியாம அடைச்சுட்டேன். தெரிஞ்ச மாதிரி உங்க எல்லார்கிட்டயும் பேசினேன். சார், உங்க காலைப் பிடிக்கச் சொன்னா பிடிக்கறேன். குழந்தைகளைக் கூட்டிட்டு முன்பக்கம் ரோட்டுக்கு வாங்க."

வக்கீல் கதவை முழுதாகத் திறந்தார். அவர் பார்த்தது அத்தானின் முகத்தை இல்லை, கையில் இருந்த கடப்பாரையை என்று நினைக்கிறேன். எதைப் பார்த்தாரோ, வந்தார்.

எல்லாரும் தெருவில் எதிர்ப்பக்கம் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. மழை இல்லை, காற்று இல்லை. இப்படிப்பட்ட நாளில் சுவர் விழும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முணுமுணுப்பு தொடங்கியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தேன் என்றது ஒரு குரல். இந்தப் பாசி அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றது இன்னொன்று. எனக்கும் உள்ளே ஒரு புழு நெளிந்தது. ஒரே ஒரு தண்டைத்தானே பார்த்தேன்? ஒரு கொத்தில் இரண்டு வகையும் கலந்து வளரும். நான் உருவியது வழி தவறி வந்த ஒற்றைச் சுருட்டையாக இருந்தால்?

தீயணைப்பு வண்டி வந்தது. கூடவே நகராட்சி இன்ஜினியர், இளவயதுக்காரர், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்தார். அவரும் நானும் அத்தானும் கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து சந்தை எட்டிப் பார்த்தோம்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு," என்றார் அவர். பிறகு சொல்வதை நிறுத்தினார்.

வெள்ளைப் பூச்சில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இருந்தது. காலையில் அந்தக் கோடு இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாக நனைந்தது. நனைந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒரு தண்ணீர்க் கம்பி பீறிட்டு, சந்தைத் தாண்டி, பின்னறை ஜன்னல் கண்ணாடியில் போய் அடித்தது.

"ஓடுங்க!" என்று கத்திய இன்ஜினியர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

சத்தம் நான் நினைத்தது போல இல்லை. இடி மாதிரி எல்லாம் இல்லை. பெரிய லாரி மண்ணைக் கொட்டுகிற சத்தம்தான். ஆனால் அது முடியவே இல்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சேற்றுத் தண்ணீர் கட்டடத்தின் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, எங்கள் செருப்புகளை நனைத்தது. அதில் பின்னறையில் இருந்த பாடப்புத்தகம் ஒன்று மிதந்து வந்தது. மகள் அதைக் குனிந்து எடுத்தாள். எடுத்துவிட்டு அழத் தொடங்கினாள்.

பின்னறை இல்லை. சுவர் இருந்தது, கதவு இருந்தது, கதவைத் திறந்தால் மண். கட்டிலும் மேசையும் எந்தப் பக்கம் இருந்தன என்றுகூடச் சொல்ல முடியாது. பைக்குகள் எல்லாம் போயின. ஆட்கள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தீயணைப்புக்காரர்கள் தலைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினார்கள். எண்ணி முடித்துச் சரியாக இருக்கிறது என்று சொன்னபோது நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

முணுமுணுத்தவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் என் கன்னத்தை வழித்து, "நீ சாமி மாதிரி வந்தேம்மா," என்றாள். எனக்கு உடம்பு கூசியது.

இன்ஜினியர் அத்தானிடம் வந்தார். "பைப்பை அடைக்கச் சொன்னது யாரு?"

"நான்."

"யாரையாவது கேட்டீங்களா? யாராவது ஆலோசனை சொன்னாங்களா?"

நான் எழுந்தேன். அத்தான் என் பக்கம் திரும்பாமலேயே, "இல்ல. யாரும் சொல்லல. எல்லாம் என் சொந்த புத்தி," என்றார்.

வாய்க்கு வாய் என்னைக் கேலி செய்கிற மனிதர். மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர். அடி விழும் நேரத்தில் என் பெயரை மறைக்கிறார். எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது, அதே வேகத்தில் கோபமும் வந்தது. என்னைக் காப்பாற்ற இவர் யார்?

"பொய் சொல்றார்," என்றேன். "தண்ணி விடாம கசியுதுன்னு சொன்னது நான். பாசியைப் பார்த்துச் சொன்னேன். அதை நம்பித்தான் அடைச்சார்."

வக்கீல் பக்கத்தில் வந்து நின்றார். "அடைச்சா ஆபத்துன்னு உங்களுக்கு அப்போ தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் பாசி பிரிப்பவள், சுவர் கட்டுபவள் இல்லை. யாரும் நம்பியிருப்பார்கள்.

"தெரியும்," என்றேன். "அந்தப் பைப்பு எதுக்கு, அதுல ஏன் தண்ணி வருதுன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பாசி எதுன்னே சொல்ல முடியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அந்தச் சாப்பாட்டு மேசை என் கண் முன்னால் வந்தது. கண்டுபிடித்துவிட்ட குஷியில் நான் பேசிக்கொண்டே போனது, அத்தான் கேலி செய்தது, நான் பதிலுக்குக் கேலி செய்தது. அது கசிவில் வளர்கிற பாசி என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அதோடு விஷயம் முடிந்துவிட்டது. அந்தத் தண்ணீர் யார் வீட்டுப் பின்னால் ஓடுகிறது என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

"யாரும் கேக்கல," என்றேன்.

அதுவரை மகளைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். அம்மா போன பிறகு என்னை ஒரு வார்த்தை அதட்டாதவள் அவள்.

"நானும் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சேன்டி அன்னைக்கு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அதுக்கு எத்தனை இலை, என்ன நரம்பு, என்ன பல்லு எல்லாம் சொன்ன. உங்க பொண்ணு இதுக்குக் கீழதான் தூங்கறா, பைப்பைத் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? மழை பூரா இவ அங்கதான்டி தூங்கினா."

அத்தான், "விடு, அதான் காப்பாத்திட்டால்ல," என்றார். அக்கா விடவில்லை. விட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. எனக்கு அழுகை வந்தது, தெருவில் அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

"மேடம் சொன்னதையும் எழுதிக்கவா?" என்று தயங்கினார் இன்ஜினியர்.

"எழுதிக்கோங்க," என்றேன்.

அக்கா என் பக்கம் வரவில்லை. சேறு ஒட்டிய அந்தப் புத்தகத்தோடு நின்ற மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "வலிக்குதும்மா," என்று அவள் சொல்லியும் விடவில்லை.